வாசகர் கேள்வி பதில்: மாரிக்கு முன்னரே ட்ரோனைப் பறக்கவிடுங்கள்

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டையும் வன்னியையும் சேர்த்து அடித்துவிட்டுப் போன பிறகு, ட்ரோன் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வருகின்றன. ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

அண்ணை, கனடாவில் இருக்கிற ஒருவர் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குக் கால் கிலோ கூட வராத ஒரு சின்ன ட்ரோன் தருவதாகச் சொல்கிறார். வெள்ளம் வந்தால் இதை வைத்து உருப்படியாக ஏதும் செய்யலாமா, இல்லை கலியாண வீட்டு வீடியோவுக்குத்தான் சரியா?
(கண்டாவளையிலிருந்து ஒரு இளைஞர்)

நிறையச் செய்யலாம் தம்பி. ஆனால் முதல் வேலை வெள்ளத்துக்கு முன்னமே இருக்கிறது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் குளம் வற்றிக் கிடக்கும்போது உங்கள் ஊரை ஒரு தடவை முழுவதுமாகப் படம் எடுத்து வையுங்கள். குளக்கட்டு, வான் (மேலதிகத் தண்ணீர் வழிகிற இடம்), துருசு (குளத்து மடை), வாய்க்கால், மதகுகள், தாழ்வான றோட்டுகள், இடம்பெயர்ந்தால் போய் இருக்கிற பள்ளிக்கூடம், எல்லாவற்றையும். எந்த உயரத்தில், எந்தப் பாதையில் பறந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், வெள்ளம் வந்தபிறகு அதே உயரத்தில் அதே பாதையில் பறந்து இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். முன்னைய படம் இல்லாவிட்டால் வெள்ளப் படத்தில் தெரிவது மண்ணிறத் தண்ணீர் மட்டும்தான். அதற்குள் எங்கே றோட்டு இருந்தது, எங்கே மதகு இருந்தது என்று வெளியூரிலிருந்து வள்ளத்தோடு வருகிற மீட்புக்காரருக்கு எப்படித் தெரியும்? 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இரவோடு இரவாகத் தண்ணீர் ஏறியபோது ஊர்க்காரர் வழிகாட்டித்தான் பல இடங்களுக்குப் போக முடிந்தது. ஊர்க்காரர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அந்த வழியைக் காட்ட இந்தப் படம் வேண்டும்.

வரட்சி காலத்தில் எடுப்பதில் இன்னொரு பலன் இருக்கிறது. குளக்கட்டின் வெளிப்பக்க அடிவாரத்தைத் தாழப் பறந்து பாருங்கள். சுற்றிவர எல்லாப் புல்லும் காய்ந்து பழுப்பாகக் கிடக்க, கட்டின் அடியில் ஒரு பாய் அளவு இடத்தில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே தண்ணீர் கசிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். நடந்து போகிறவர் கண்ணுக்கு அது வெறும் புல். மேலிருந்து பார்த்தால் பழுப்புக்கு நடுவே தனியாகத் தெரியும். அந்த இடத்தை அடையாளப்படுத்தி நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ, சின்னக் குளமென்றால் கமநல சேவை நிலையத்துக்கோ காட்டுங்கள். அது உண்மையில் கசிவா, ஆபத்தானதா என்று முடிவெடுக்கிறது பொறியியலாளர் வேலை. கட்டு எங்காவது தாழ்ந்திருக்கிறதா என்று ட்ரோன் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல வெளிக்கிடாதீர்கள். சின்ன ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும், உயரக் கணக்கு அதைவிட மோசம். சென்ரிமீற்றர் கணக்கில் உயரம் வேண்டுமென்றால் நிலத்தில் அடையாளங்கள் போட்டு, நில அளவைக்காரர் அவற்றை அளந்து தர வேண்டும்.

கணக்கு கேட்பீர்கள். 100 மீற்றர் உயரத்தில் பறந்தால் இப்படியான ட்ரோனின் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் சுமார் 3, 4 சென்ரிமீற்றர். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் முக்கால் பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும், பக்கத்துப் பாதையோடு மூன்றில் இரண்டு பங்காவது. அப்படி எடுத்தால் ஒரு பற்றரிக்கு ஏறத்தாழ 50, 60 ஏக்கர் முடிக்கலாம். பெட்டியில் 30 நிமிடம் என்று போட்டிருந்தாலும் 20 நிமிடத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஓப்பன் ட்ரோன் மப் என்ற மென்பொருள் இலவசம், இந்தப் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கித் தரும். இன்ரர்நெற் இல்லாமலே லப்டொப்பில் ஓடும், வெள்ள நேரத்தில் அது பெரிய விடயம். 16 ஜிபி நினைவகம் உள்ள லப்டொப்பில் நூற்றைம்பது படத்தைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடித்து, சாப்பிட்டும் வரலாம், அவ்வளவு நேரம் எடுக்கும். அதனால் ஆட்களைத் தேடுகிற அவசர நேரத்தில் வரைபடம் செய்யக் குந்தாமல் தனிப் படங்களை உடனே பாருங்கள்.

எங்கள் குடும்பம் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்தது. அம்மாவின் சொந்தங்கள் இன்னும் பதுளைப் பக்கம் தோட்டத்தில் லயத்தில்தான் இருக்கிறார்கள். மண்சரிவு வந்த மலையில் ட்ரோன் எவ்வளவு தூரம் உதவும்? வெடிப்பை முன்கூட்டியே காட்டுமா?
(செட்டிகுளத்திலிருந்து ஒரு ஆசிரியை)

உங்கள் கேள்வியை நான் லேசாக எடுக்கவில்லை. 2014 ஒக்ரோபர் 29 பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண் இறங்கியபோது செத்தவர்கள் உங்கள் அம்மாவின் சொந்தங்களைப் போன்ற தோட்டத்து மக்கள். அந்த மலை ஆபத்தானது, ஆட்களை எழுப்ப வேண்டும் என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. ஆக அங்கே தகவல் இருந்தது, ஆட்களுக்குப் போக ஒரு இடம் கொடுக்கப்படவில்லை. இதை முதலில் சொல்லாமல் ட்ரோனைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இனி ட்ரோன். வெடிப்பு வெட்டையில் இருந்தால், கையகல வெடிப்பே 100 மீற்றர் உயரத்திலிருந்து தெரியும். ஆனால் தேயிலைச் செடி நிலத்தை மூடி நிற்கிறது, காடு என்றால் சுத்தமாகத் தெரியாது. அதனால் வெடிப்பைத் தேடுவதைவிட வரிசையைப் பார்க்கலாம். தேயிலை மலையின் வளைவோடு வரிசை வரிசையாக நடப்பட்டிருக்கும். நிலம் நகர்ந்திருந்தால் ஒரு இடத்தில் வரிசை கீழே இறங்கி, உடைந்து, அப்புறம் பழைய கோட்டுக்கு ஏறும். நேர் மேலிருந்து எடுக்கிற படத்தைவிடச் சாய்வாக எடுக்கிற படத்தில் இது நன்றாகப் பிடிபடும். சாய்ந்த மரங்கள், புதிதாகக் கலங்கி வருகிற ஊற்று, இவற்றையும் பாருங்கள். ஆனாலும் லயத்தில் இருக்கிறவர்கள் ட்ரோனுக்காகக் காத்திருக்கக் கூடாது. கதவு இறுகுகிறது, நிலத்தில் வெடிப்பு, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நின்றுவிட்டது என்றால் அந்த இடத்தை விட்டு உடனே எழும்ப வேண்டும். பெருமழை நேரத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேசம் பிரதேசமாக எச்சரிக்கை விடும், அதைக் கேளுங்கள்.

சரிந்த பிறகுதான் ட்ரோனின் உண்மையான வேலை. பாதை அறுந்துவிட்டது, மழை விடவில்லை, முகில் மூடியிருப்பதால் சாதாரணச் செய்மதிப் படத்தில் ஒன்றும் தெரியாது. ட்ரோன் முகிலுக்குக் கீழே போகும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது புதைந்த வீடுகளை அல்ல என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன், முதலில் மேலே பார்க்க வேண்டும். சரிவின் தலைப்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற மண் எவ்வளவு, ஓடையை மண் அடைத்துப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, இந்த இரண்டும் தெரியாமல் கீழே ஆட்களை இறக்கினால் மீட்கப் போனவர்களும் சேர்ந்து போவார்கள். அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்ற இடத்தில் 2014 மார்ச்சில் மலை சரிந்து 43 பேர் இறந்தபோது, சில வாரம் கழித்துப் பறக்கவிட்ட சின்ன ட்ரோன்களுக்கு இப்படியான வேலையே கொடுக்கப்பட்டது. 2024 ஜூலை 30 கேரளாவின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் சரிந்து பாலமும் அடித்துப் போனபோதும் தேடுதலில் ட்ரோன்கள் இருந்தன.

மலையில் பறக்கவிடுகிறவர் ஒரு விடயத்தை மறந்தால் ட்ரோன் போய்விடும். ரிமோட் திரையில் காட்டுகிற உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு. நீங்கள் றோட்டில் நின்று 100 மீற்றருக்கு ஏற்றி மலையை நோக்கி விடுகிறீர்கள். மலை 80 மீற்றர் ஏறிவிட்டது. திரையில் இன்னும் 100 என்றே இருக்கும், உண்மையில் தரைக்கும் ட்ரோனுக்கும் நடுவே 20 மீற்றர்தான், அதற்குள் ஒரு சவுக்கு மரம் நின்றால் முடிந்தது. நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தானாக உயரம் மாற்றுகிற வசதி சிலதில் உண்டு, ஆனால் அது பழைய உயர வரைபடத்தை நம்புகிறது. சரிந்த மலை அந்த வரைபடத்தில் சரியாமல் இருக்கும், மரமும் அதில் ஒழுங்காக இருக்காது. அதனால் முடிந்தால் மேலேயிருந்து கிளம்பிப் பள்ளத்தின்மேல் விடுங்கள், மோத எதுவும் இருக்காது. படத்தின் தெளிவு குறையும், பரவாயில்லை.

அடுத்தது சிக்னல். மலை முதுகுக்குப் பின்னால் போனால் ரிமோட்டோடு தொடர்பு அறும். தொடர்பு அறுந்தால் ட்ரோன் நீங்கள் முதலே குறித்து வைத்த உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வீட்டுக்கு வரும். அந்த உயரம் நடுவில் நிற்கிற மலை முதுகைவிடத் தாழ்வாக இருந்தால் நேரே போய் மலையில் மோதும். கிளம்பும் முன் அந்த ஒரு எண்ணைப் பாருங்கள், ஒவ்வொரு முறையும். மலையில் காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது. மத்தியானம் தாண்டினால் பனிமூட்டம் இறங்கும், காற்றும் கூடும்.

தம்பி, எங்கட ஊரிலை வெள்ளத்துக்குப் பிறகு ஆரோ பெடியள் அதைப் பறக்கவிட்டவங்கள். எனக்கு நெஞ்சு அடிச்சுப்போச்சு. என்ரை மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளுக்கை ஓடிட்டாள். நல்லதுக்குத்தான் எண்டு பிறகு சொன்னவங்கள். முதலே சொல்லியிருக்கலாம்தானே?
(முள்ளிவாய்க்காலுக்குக் கிட்ட இருந்து ஒரு அம்மா)

சொல்லியிருக்கத்தான் வேண்டும் அம்மா. 2009இல் இந்த மண்ணில் இருந்தவர்களுக்கு 'வண்டு' (வேவு விமானம்) சத்தம் என்றால் அடுத்தது செல்லடி என்றுதான் உடம்பு பழகியிருக்கிறது, பதுங்குகுழி மூடி எத்தனை வருடம் ஆனாலும் அது போகாது. வெளிநாட்டு வழிகாட்டி நூல்களில் மக்களின் சம்மதம் பற்றி ஒரு பந்தி இருக்கும், வன்னியில் அது முதல் பந்தியாக வர வேண்டும்.

அதனால் பறக்கவிடுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். முதல் நாளே கிராம அலுவலரிடமும் மாதர் சங்கத்திடமும் சொல்லி, கோயிலில், தேவாலயத்தில் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார் விடுகிறது, எதைப் படம் எடுக்கிறது என்று. கிளம்புகிற இடத்தில் ஊராரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள். வீட்டு முற்றத்துக்கு மேல், கிணற்றடிக்கு மேல் தாழப் பறக்க வேண்டாம், அங்கே பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். முகாமில் இருக்கிறவர்களின் முகத்தையும் எடுக்காதீர்கள், எடுத்தால் பேஸ்புக்கில் போடாதீர்கள். வெள்ளம் வந்துவிட்ட அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடையாது என்பார்கள். அதற்காகவும்தான் மாரிக்கு முன்பே ஒரு தடவை ஊரறியப் பறக்கவிடச் சொல்கிறேன். அந்தச் சத்தம் யாருடையது என்று ஊருக்கு அப்போதே தெரிந்துவிடும்.

காலபோக நெல் முழுக்கத் தண்ணிக்குள். ட்ரோன் படம் கொடுத்தால் நட்டஈடு கூடக் கிடைக்குமா?
(துணுக்காய்க் கமக்காரர்)

படத்தை மட்டும் வைத்து யாரும் காசு தர மாட்டார்கள், உத்தியோகத்தர் வந்து பார்த்து எழுதுகிற நடைமுறை அப்படியே இருக்கும். ஆனால் அவர் வருவதற்குள் தண்ணீர் வடிந்து, சாய்ந்த பயிர் கொஞ்சம் நிமிர்ந்து, 'இது வெள்ளமா, உங்கள் கவனக்குறைவா' என்ற கதை வரும் பாருங்கள், அந்த இடத்தில் திகதியும் இடமும் பதிந்த படம் பேசும். வயல் கண்டம் முழுவதையும் சேர்த்துக் கமக்காரர் அமைப்பின் பெயரில் எடுங்கள். தனி ஒருவர் தன் வயலை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பக்கத்து வயல்காரருக்கு அநியாயம். தண்ணீர் நிற்கும்போது ஒரு தடவை, வடிந்தபின் ஒரு தடவை எடுங்கள். நெல் எத்தனை நாள் மூழ்கிக் கிடந்தது என்பதில்தான் சேதத்தின் அளவு பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

காட்டுக்குள் தேன் எடுக்கப் போய்த் திரும்பாதவரை வெப்பக் கமராவால் தேடலாமா?
(ஒட்டுசுட்டான்)

பாலையும் வீரையும் அடர்ந்த காட்டில் கஷ்டம். வெப்பக் கமரா இலையை ஊடுருவிப் பார்ப்பதில்லை, மேலே தெரிகிற பரப்பின் சூட்டைத்தான் காட்டும். பகலில் பாறையும் மணலும் மனித உடம்பளவு சூடாகிவிடுவதால் வெட்டையில் நின்றாலும் பிரித்தறிய முடியாது. விடியப்புறம், நிலம் குளிர்ந்திருக்கும்போது, குளத்தங்கரை, ஆற்றுப்படுகை, வெட்டைகள் மேலே பறந்து பாருங்கள், வழி தவறியவர் தண்ணீரைத் தேடித்தான் வருவார். யானையும் அந்த நேரம் அங்கேதான் நிற்கும், தேடிப் போகிற ஆட்களுக்கு அதையும் முன்கூட்டியே சொல்ல அந்தக் கமரா உதவும்.

மழைக்குள் விடலாமா?
(விசுவமடு)

வேண்டாம். சின்ன ட்ரோன்களில் பெரும்பாலானவை மழைக்குச் செய்யப்பட்டவை அல்ல, கால் கிலோக்காரன் செக்கனுக்கு 10 மீற்றர் காற்றுக்கு மேல் நிற்கவும் மாட்டான். மழை விடுகிற இடைவெளிக்குக் காத்திருங்கள். பற்றரிகளை உலர்ந்த பெட்டியில் வையுங்கள், கரண்ட் போனால் சார்ஜ் ஏற்ற வாகனத்திலிருந்து எடுக்கிற வழியை முதலே செய்து வையுங்கள்.

விழுந்துவிட்டால் போய் எடுக்கலாமா? எங்கள் பக்கம் இன்னும் கண்ணிவெடிச் சிவப்புப் பலகை இருக்கிறது.
(பளை)

சிவப்புப் பலகைக்கு அப்பால் விழுந்ததை மறந்துவிடுங்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்களிடம் இடத்தைச் சொல்லுங்கள், அவர்கள் முடிந்தபோது எடுத்துத் தரட்டும். வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றும். முகமாலைப் பக்கத்தில் மட்டுமல்ல, பழைய முன்னரங்கு இருந்த எந்த ஓடைக்கரையிலும் வெள்ளம் வடிந்தபின் பழைய தடத்தை நம்பி இறங்காதீர்கள்.

அனுமதி எடுக்கிற வில்லங்கத்தில் மாட்டாமல் சும்மா விட்டால் என்ன? ஆபத்தில் உதவுகிறதற்கு ஆர் கேட்கப்போகினம்?
(மாங்குளம்)

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் பாதுகாப்பு அமைச்சின் சம்மதமும் இல்லாமல் இங்கே பறக்கவிடுவது சட்டப்படி குற்றமாகப் போகும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நாடு முழுவதும் ட்ரோன் தடை செய்யப்பட்டதும் நினைவிருக்கும். சட்டத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. கூரையில் நிற்கிற ஆட்களைத் தூக்க ஹெலிகொப்டர் தாழ வருகிறது. அதே உயரத்தில் உங்கள் ட்ரோன். விமானி அதைக் கண்டால் திரும்பிப் போவார், காணாவிட்டால் நடப்பது அதைவிடப் பெரிய அழிவு. ஹெலிகொப்டர் சத்தம் தூரத்தில் கேட்டதுமே இறக்கிவிடுங்கள், படம் பாதியில் நின்றாலும் சரி. 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு பல நாடுகளிலிருந்து ட்ரோன்காரர் போய் ஆளாளுக்குப் பறக்கவிட, அந்த அரசு கட்டுப்பாட்டை இறுக்கியது. நல்ல நோக்கத்தோடு போனவர்களும் அதில் அடிபட்டார்கள்.

ஆகவே ஓகஸ்டில் பிரதேச செயலகத்துக்குப் போய், மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவின் திட்டத்துக்குள் உங்கள் கழகத்தையும் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்களைக் கூப்பிட வேண்டிய நேரத்தில் அவர்களே கூப்பிடுவார்கள், அனுமதிக்கும் அந்தக் கடிதம் உதவும். ஒரு தடவை மறுத்தால் மறுபடி போங்கள்.

எடுத்த படத்தை யாருக்கு, எப்படி அனுப்புவது? போன தடவை நாங்கள் அனுப்பிய வீடியோவை ஒருவரும் பார்த்த மாதிரித் தெரியவில்லை.
(தர்மபுரம்)

பத்து நிமிட வீடியோவை வெள்ள நேரத்தில் ஒருவரும் இருந்து பார்க்க மாட்டார்கள், அவர்களுக்கு நூறு அழைப்பு வந்துகொண்டிருக்கும். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு மிசிசிப்பியில் ரொபின் மேர்பி என்ற பேராசிரியரின் குழு சின்ன ட்ரோன்களைக் கொண்டுபோனது, இடர் இடத்தில் இப்படிப் பயன்பட்ட முதல் தடவைகளில் அது ஒன்று. அப்போதிருந்து இன்றுவரை ட்ரோன் எவ்வளவோ மாறிவிட்டது, படம் முடிவெடுக்கிறவர் கைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருவதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு படம், ஒரு செய்தி என்று அனுப்புங்கள். 'வட்டுவாகல் பக்கம் றோட்டு அறுந்திருக்கிறது, காலை 7.40, வடக்குப் பார்த்து எடுத்தது' என்று படத்துக்குக் கீழே தமிழில் எழுதுங்கள். சிங்களம் தெரிந்தவர் இருந்தால் அதிலும் ஒரு வரி, வருகிற படையணி எந்த மொழிக்காரர் என்று தெரியாது. வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது படத்தைச் சுருக்குவதோடு, படத்துக்குள் பதிந்திருக்கிற இட விபரத்தையும் அழித்துவிடும். ஆகவே கோப்பாக, அதாவது டொக்கியுமென்ட் என்று இருக்கிறதே, அதை அழுத்தி அனுப்புங்கள். சிக்னல் பலவீனமென்றால் சுருக்கிய படத்தோடு ஜிபிஎஸ் எண்களை எழுத்தில் சேருங்கள். ஆட்கள் சிக்கியிருப்பதைக் கண்டால் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், 117க்கு உடனே அடித்து இடத்தைச் சொல்லுங்கள். கிராம அலுவலர், பிரதேச செயலகத்தில் அனர்த்தம் பார்க்கிற உத்தியோகத்தர், குளத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர், இந்த மூன்று பேரின் எண்ணும் ட்ரோன் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்க வேண்டும். பேனையால் எழுதினால் நனைந்து போகும், லமினேற் பண்ணி ஒட்டுங்கள்.